வருடையும் கவரியும்

மலையையும் மலைசார்ந்த இடத்தையும் குறிஞ்சி என வகுத்த தமிழ் மரபு, அந்நிலத்தின் தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு விலங்கையும் கருப்பொருளாகக் கொண்டது. யானையும் புலியும் கரடியும் பன்றியும் குறிஞ்சிப் பாடல்களில் மலிந்து கிடக்கின்றன. தினைப்புனத்திற்கு வந்து அழிவு செய்பவை ஆதலின் குறவரும் அவற்றை நாள்தோறும் கண்டனர், புலவரும் கண்டனர். ஆனால், மனிதன் இருக்கும் இடத்திற்கு வாராமல், மனிதன் ஏற முடியாத இடத்தில் வாழும் விலங்குகளும் அப்பாடல்களில் உள. அவற்றைக் குறித்துத் திறனாய்வாளர் அதிகம் எழுதவில்லை. அத்தகைய விலங்குகளுள் இரண்டு ஈண்டு ஆராயத்தக்கன. ஒன்று வருடை, மற்றொன்று கவரி. முன்னது தமிழ்ப் புலவர் தம் மலையில் கண்டது. பின்னது இமயத்திலிருந்து செவி வழியாக வந்தது. கண்டு பாடியதும் கேட்டுப் பாடியதும் ஆகிய இவ்விரண்டும் பிற்காலத்தார் கையில் என்ன ஆயின என்பது, கெடா மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளில் இலக்கியம் பயிற்றுவோர்க்கும் பயில்வோர்க்கும் பயன்படக்கூடிய செய்தியாகும்.

வருடை என்பது இன்று வரையாடு என வழங்கும் விலங்கே என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரி தொடங்கித் தெற்கே அகத்தியமலைப் பகுதி வரை, ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், புல்வெளியும் செங்குத்துப் பாறையும் அடுத்தடுத்து அமைந்த இடங்களில் மட்டுமே அது வாழ்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. தடித்த உடலும் குறுகிய கால்களும் பின்னோக்கி வளைந்த கொம்புகளும் உடையது. முதிர்ந்த கடாவின் முதுகில் வெள்ளி நரைபோல் ஒரு பட்டை தோன்றும். ஆபத்து நேர்ந்தால் பாறை விளிம்பிற்கு ஓடிவிடும். சிறுத்தையும் செந்நாயும் அங்கே பின்தொடர்வது அரிது. 2005ஆம் ஆண்டு வரை இமயத்து மலையாட்டின் உறவினம் எனக் கருதப்பட்ட இவ்விலங்கு, மரபணு ஆய்வின் பின், செம்மறி இனத்திற்கே நெருங்கியது எனக் கண்டறியப்பட்டுத் தனிப்பேரினமாக வகுக்கப்பட்டது. 1838இல் விலங்கியல் அறிஞர் ஒருவர் இதற்கு இட்ட அறிவியற் பெயர் காட்டுச் செம்மறிக்கடா என்னும் பொருள்பட அமைந்திருந்ததும் பொருத்தமே.

இனிப் பாடல்களுக்கு வருவோம். குறுந்தொகை 187ஆம் பாடலில் கபிலர் காட்டும் காட்சி சிறியது. செங்குத்து வரையில் தங்கும் வருடையின் மறி, தாயின் மடி சொரியும் இனிய பாலை வயிறார உண்டு, பெருமலையின் நிழலிலே துள்ளி விளையாடுகிறது. அத்தகைய நாட்டை உடைய தலைவன் கல்லினும் உறுதி படைத்தவன் எனத் தலைவி தோழியிடம் கூறுகிறாள். அவ்வுறுதியை எண்ணித் தானும் உறுதி கொள்ளாமல் தன் நெஞ்சம் இளகிப்போவதையும் கூறுகிறாள். பாட்டு அவ்வளவே. உரைகூறுவோர் பலர், மறியை நாட்டு வளத்தின் அடையாளம் எனச் சொல்லி நகர்ந்துவிடுவர். அது போதாது. வளத்தைக் காட்டக் கபிலருக்கு வேறு விலங்கா கிடைக்கவில்லை? பலாவைத் தின்னும் மந்தியும் தேனடையும் அவர் கைக்கு எளிதில் வருவனவே. வருடையை ஏன் தேர்ந்தார் எனக் கேட்டால் பாட்டின் உள்ளீடு திறக்கிறது. பால் குடிக்கும் இளமறி, உலகிலேயே கடினமான தொட்டிலில் வளர்கிறது, அத்தொட்டில் பாறை. அப்பாறை அதற்குப் பகையன்று. அதுவே நிழல் தருகிறது, அதுவே செந்நாயிடமிருந்து காக்கிறது. கல்லினும் வலியவன் எனத் தலைவி சொல்லும்போது, அக்கல்லின் நிழலில் மெல்லிய உயிர் ஒன்று அச்சமின்றித் துள்ளும் படம் முன்னரே கேட்போர் மனத்தில் நின்றுவிட்டது. ஆகவே அவள் சொல் குறைகூறலா நம்பிக்கையா என்று பிரித்துணர இயலாமல் போகிறது. மான்கன்றை இட்டிருந்தால் இந்த இரட்டைப் பொருள் பிறந்திராது. விலங்கின் இயல்பை அறியாதவன் இப்பாட்டின் பாதியையே படிக்கிறான்.

பெருங்குன்றூர் கிழார் பாடிய நற்றிணை 119 இன்னும் நுட்பமானது. தினை உண்ணும் பன்றிக்கென வைத்த கற்பொறியில் புலி சிக்கும் நாடு தலைவனுடையது. அவன் வரும் வழியைத் தோழி சொல்கிறாள். பூக்கள் நிறைந்த காட்டாற்றுக்கு மேற்புறத்தில், முசுவின் கருநிறக் கடுவன் வருடைக் கூட்டத்தோடு தாவித் திரியும் மலை நிழலில் அவன் வருவான். குளவியும் கூதளமும் செறிந்த கண்ணி சூடி வருவான். ஆயினும் தழுவல் பெறப் போவதில்லை. வேண்டுமானால் தன் மலையைக் காட்டிலும் பெரிதாக ஊடிக்கொள்ளட்டும் என்கிறாள். தோழியின் குறும்பு ஒருபுறம் இருக்க, முசுவும் வருடையும் ஓரிடத்தில் காணப்படுதல் ஆராயத்தக்கது. முசு எனப்படும் கருங்குரங்கு சோலைக்காட்டில் மரத்தின்மேல் வாழ்வது. வருடை மரமற்ற புல்வெளியிலும் பாறையிலும் வாழ்வது. இரண்டும் கலந்து திரிய வேண்டுமெனின் சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரமே அதற்குரிய இடம். மேற்கு மலையுச்சிகளில் ஓடையை ஒட்டிய மடிப்புகளில் சோலையும், அதற்கு மேலே புல்வெளியும் அமைந்திருப்பதை இன்றும் காணலாம். காட்டாற்றுக்கு மேலே என்று புலவர் இடம் சுட்டியது அடை நிரப்புவதற்காக அன்று. அங்கே ஏறிச்சென்று கண்டவர் வாக்கு அது. அவ்விடத்தைத் தாண்டி ஒருவன் இரவில் வருகிறான் என்றால் அவன் எத்தகைய வழியில் வருகிறான் என்பதும், அவனை வெறுங்கையோடு அனுப்பத் துணியும் தோழியின் துணிவு எத்தகையது என்பதும் விளங்குகின்றன.

ஐங்குறுநூற்றின் கிள்ளைப் பத்தில் கபிலரின் 287ஆம் பாடல், வருடையை நேரில் காட்டவே இல்லை எனலாம். விலங்கு நெடுவரையின் உச்சியில் இருக்கிறது. தினையில் வீழ்ந்த கிளிகள் கீழே அஞ்சுகின்றன. குறுங்கால் என்னும் ஓர் அடை அன்றி விலங்கைப் பற்றிய வருணனை இல்லை. கிளிக்கும் வருடைக்கும் பகை ஏதும் இல்லை. வருடை கிளியைத் தின்பதும் இல்லை, தினைக்கு வருவதும் இல்லை. உயரத்தில் நிகழும் அசைவு ஒன்றே கீழே உள்ளவற்றைக் கலைக்கப் போதுமாயிருக்கிறது. பொய் சொல்வதில் வல்லவன் எனத் தலைவனைத் தோழி இடித்துரைக்கும் பாடல் இது. எங்கோ உயரத்தில் இருந்துகொண்டு, தான் அறியாமலே கீழுள்ள பேதைகளை நடுங்கச் செய்பவன் அவன் என்பதைப் புலவர் சொல்லாமலே வைத்துவிட்டார். காண அரிய விலங்கைக் காண அரியதாகவே வைத்துப் பாடும் இவ்வழி பெரும்புலவர்க்கே கைவரும்.

குறிஞ்சிக்கு வெளியிலும் வருடை தோன்றுகிறது. கெடா வாசகர் மறக்கக் கூடாத இடம் அது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையின் முற்றத்தில் புலிச்சின்னம் பொறித்த மூட்டைகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. அவற்றின்மேல் ஆண் நாயும் ஆட்டுக்கிடாயும் ஏறிக் குதித்து விளையாடும் தோற்றம், மேகம் தவழும் சிகரங்களில் வருடை துள்ளுவது போன்றது என்கிறார் புலவர். உவமை, அறியாததை அறிந்ததைக் கொண்டு விளக்குவது. கடற்கரை நகரத்தைப் பாடும் புலவர், கேட்போர் அறிந்த பொருளாக வருடையை எடுத்துக்கொள்கிறார் எனின், துறைமுகத்து மக்களும் அவ்விலங்கின் துள்ளலைக் கேள்வி அளவிலேனும் தெளிவாக உணர்ந்திருந்தனர் என்பது பெறப்படும். அதே பாட்டில், கங்கைப் பொருளும் ஈழத்து உணவும் வந்து குவிந்த பட்டியலிலே காழகத்துச் செல்வமும் இடம்பெறுகிறது. காழகம் என்பது கடாரம் என நச்சினார்க்கினியர் உரை கண்டார். அவ்வடையாளத்தை ஏற்காத ஆய்வாளரும் உளர். அதனை ஏற்பின், கெடா மண்ணின் சரக்கு ஏற்றிய மூட்டையின்மேல்தான் உருத்திரங்கண்ணனாரின் நாய் வருடையாகித் துள்ளியது! ஜெராய் மலையின் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்குக் கட்டட எச்சங்களைப் பார்க்க மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், படையெடுத்து வந்த சோழனோடு இந்தப் பாட்டையும் சேர்த்துச் சொன்னால் நன்று.

சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில், சேரன் செங்குட்டுவனுக்கு மலைவாழ் மக்கள் கொண்டுவந்து குவிக்கும் காணிக்கைகளில் வருடையும் ஒன்று. அங்கே யானைக் கன்றும் குரங்குக் குட்டியும் கரடியும் மான்மறியும் வரிசையில் நிற்க, வருடையும் நிற்கிறது. இளங்கோவடிகளின் பட்டியல் செழிப்பானதே. ஆனால் பட்டியலில் நிற்கும் விலங்கு அசைவதில்லை. பாறையிலிருந்து பிடித்து அரசன் முன் நிறுத்தப்பட்டபோதே வருடையின் இலக்கிய வாழ்வு தளரத் தொடங்கிவிட்டது எனலாம். பரிபாடலின் 11ஆம் பாடலில் மேட இராசிக்கு அப்பெயர் வழங்கப்பட்டு, அது வானத்திற்கே சென்றுவிட்டது. அகராதிகளிலோ மலையாடு என்னும் பொருளோடு சரபம் என்னும் பொருளும் சேர்ந்துகொண்டது. சரபமாவது எட்டுக் கால் கொண்ட கற்பனை விலங்கு. கபிலர் குறுங்கால் என்று அளந்து சொன்ன விலங்கிற்குப் பின்வந்தோர் நான்கு கால்களை அதிகமாகக் கொடுத்துவிட்டனர். மலைக்கு ஏறுவது நின்றதும் ஏட்டில் கால்கள் முளைத்தன போலும்.

கவரியின் கதை இதற்கு மறுதலை. பதிற்றுப்பத்தின் 11ஆம் பாட்டில் குமட்டூர்க் கண்ணனார், இமயச் சாரலில் உறங்கும் கவரி, அருவியையும் நரந்தத்தையும் கனவில் காண்கிறது என்கிறார். புறநானூறு 132இல் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், நரந்தம் புல்லை மேய்ந்து, குவளை பூத்த சுனையில் நீருண்டு, தகர மரத்து நிழலில் பிணையோடு தங்கும் கவரியைக் காட்டுகிறார். அத்தகைய இமயம் வடக்கே நிற்கத் தெற்கே ஆய் குடி இல்லையாயின் இவ்வுலகம் நிலை பிறழும் என்று முடிக்கிறார். ஆயின் நாடாகிய பொதியில், வருடை வாழும் மலைத்தொடரின் தென்கோடி என்பதும் நினைக்கத்தக்கது. இரு புலவரும் இமயத்தைக் கண்டவர் எனச் சொல்லச் சான்றில்லை. குவளைச் சுனையும் தகர நிழலும் தமிழ்நாட்டுக் குறிஞ்சியிலிருந்து எடுத்துச் சென்று இமயத்தில் வைக்கப்பட்ட பொருள்களே. பனியும் குளிர்காற்றும் அப்பாட்டில் எங்கும் இல்லை. கவரியின் உடலைப் போர்த்தும் நீண்ட மயிரோ அந்தக் குளிருக்காகவே அமைந்தது. ஆயினும் இப்பாடல்களைக் குறைத்து மதிப்பிடுதல் தவறு. கேட்டதை மிகைப்படுத்தாமல், மேய்தல், பருகுதல், உறங்குதல் என எந்த விலங்கும் செய்யும் தொழில்களையே அவர்கள் அதற்குக் கொடுத்தனர். காணாத விலங்கின் கனவைப் பாடிய கண்ணனாரின் கற்பனை, பொய்யில்லாக் கற்பனை.

பொய் புகுந்தது வேறிடத்தில். திருக்குறளின் மானம் என்னும் அதிகாரத்தில், 969ஆம் குறள், மயிரை இழந்தால் உயிர் வாழாத கவரியை மானமுடையோர்க்கு உவமை ஆக்குகிறது. வள்ளுவர் மா என்றார். விலங்கு என்பது பொருள். மேடையிலும் பாடநூலிலும் திரைப்படத் தலைப்பிலும் அது மான் ஆயிற்று. ஒற்றை மயிர் உதிர்ந்தாலும் உயிர் விடும் மான் ஒன்று இமயத்தில் உலவுவதாகப் பிள்ளைகள் தேர்வுத் தாளில் எழுதுகின்றனர்; ஆசிரியரும் மதிப்பெண் கொடுக்கின்றனர். சுங்கை லாலாங்கிலும் பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியிலும் பேச்சுப்போட்டி நடக்கும்போதெல்லாம் அம்மான் ஒருமுறையேனும் மேடையேறாமல் இருப்பதில்லை. தொல்காப்பியர் இக்குழப்பத்திற்கு இடமே வைக்கவில்லை. மரபியலில் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுக்கும்போது, நவ்வி, உழை, புல்வாய் ஆகிய மான் வகைகளுக்கு மறி என்னும் பெயரைக் கொடுத்தார். கவரியையோ எருமைக்கு அடுத்த நூற்பாவில் வைத்துக் கன்று என்னும் பெயருக்கு உரித்தாக்கினார். மாட்டினத்தைச் சேர்ந்த நீள்மயிர் விலங்கே அது. திபெத்திலும் லடாக்கிலும் மக்கள் வளர்க்கும் கவரியின் மயிரைக் கத்தரித்துக் கயிறும் கூடாரத் துணியும் செய்கின்றனர். கத்தரித்த பின்னும் அது மேய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

அவ்வாறெனின் வள்ளுவர் பிழைபட்டாரா என்று கேட்பார் உளர். உவமை, உலக வழக்கில் நிலவும் நம்பிக்கையைத் தாங்கி வருவதற்கு உரிமை உடையது. அன்னம் பாலையும் நீரையும் பிரிப்பதைப் பாடிய புலவரை விலங்கியலார் தண்டிப்பதில்லை. அக்குறளின் பொருள் கவரியின் உடலைச் சார்ந்து நிற்கவில்லை. மானத்தைச் சார்ந்து நிற்கிறது. குறை உவமையில் இல்லை. உவமையைச் செய்தியாக்கிப் பாடம் நடத்துவதில்தான் குறை இருக்கிறது. கவரியின் வாலே சாமரமாகித் தெற்கு வந்தது, விலங்கு வரவில்லை. மயிரை மட்டும் கண்ட நாட்டில், மயிர் இங்கிருக்க விலங்கு எங்கே என்ற வினாவுக்கு அது இறந்துபட்டது என்னும் விடை எளிதில் தோன்றியிருக்கக்கூடும்.

காணாமையை ஒளிக்காமல் எழுதுவது எவ்வாறு என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் மத்தீசன், விலங்கியலறிஞர் ஜார்ஜ் ஷேலருடன் 1973இல் நேபாளத்தின் டோல்போ பகுதிக்கு நடந்து சென்றார். மலையாடுகளை ஆராய்வது ஷேலரின் நோக்கம். பனிச்சிறுத்தையைக் காண்பது மத்தீசனின் ஆசை. காலடித் தடம் கண்டார், எச்சம் கண்டார், விலங்கைக் காணவில்லை. 1978இல் வெளியான அவருடைய நூலுக்கு அவ்விலங்கின் பெயரையே இட்டார். காணாத விலங்கின் பெயரால் அமைந்த அந்நூல், கண்டதாக ஒரு சொல்லும் புனையாததால் நிலைபெற்றது. இந்தியாவில் 2019 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில் பனிச்சிறுத்தைகள் 718 என மதிப்பிடப்பட்டன. அக்கணக்கும் பெரும்பாலும் தானியங்கிப் படக்கருவிகள் எடுத்தளித்ததே அன்றி, மனிதக் கண் கண்டதன்று. அதே ஷேலர், இமயத்துக்கு அப்பயணம் போவதற்கு முன்பே, தென்னிந்திய மலையில் வருடையையும் ஆராய்ந்து எழுதியவர் என்பது தமிழ் வாசகருக்கு உவப்பளிக்கும் செய்தி.

வருடை மீண்டும் தமிழர் கவனத்திற்கு வந்தது புலவரால் அன்று. மூணாறு பகுதியில் இருந்த இரவிகுளம், தேயிலைத் தோட்ட முதலாளிமார் வேட்டையாடும் இடமாகக் காக்கப்பட்டு வந்தது. முதுவர் பழங்குடியினர் அங்குக் காவல் புரிந்தனர். 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. 1975இல் ஈ. ஆர். சி. டேவிதார் வருடையை ஒழுங்குற ஆராய்ந்து எழுதினார். அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாட்டு நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது. 2022இல் அவ்விலங்கைக் காக்கத் தனித்திட்டம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது; மாநில விலங்கும் அதுவே. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது முறையே 1,303 எனவும் 1,365 எனவும் கணக்கு வந்தது. இரு மாநில மலைகளிலும் சேர்த்து மூவாயிரத்திற்கும் குறைவு! தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் புல்வெளியை விட்டுக்கொடுத்ததே இவ்வளவு குறையப் பெருங்காரணம். அத்தேயிலையை நட்ட கைகள் சமவெளியிலிருந்து மலையேறிய தமிழ்க் கூலிகளின் கைகள். அதே ஊர்களிலிருந்து அதே காலத்தில் கப்பலேறியவர்களே கெடாவின் பால்மரங்களை நட்டனர்.

இவ்விடத்தில் மலேசியத் தமிழ் எழுத்தைப் பற்றிய ஒரு கருத்தை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையும் கவிதையும் தோட்டத்தை நன்கு பாடியுள்ளன. பெரட்டுக் களமும் நிரையும் மங்கும் பால்வாளியும் கோயிலும் கள்ளுக்கடையும் அவற்றில் உயிரோடு உள்ளன. ஆனால் நிரை முடியும் இடத்தில் எழுத்தும் முடிந்துவிடுகிறது. தோட்டத்து வழக்கில் காடு என்றால் ரப்பர் மரங்கள் நிற்கும் இடம். இங்கு வந்து சென்ற அகிலன் தம் புதினத்திற்குப் பால்மரக்காட்டினிலே எனப் பெயரிட்டதும் அவ்வழக்கின் வழியே. உண்மையான காட்டை அழித்து அங்கே மரம் நட்ட மக்கள், நட்டதற்கே காடு எனப் பெயர் வைத்துக்கொண்டனர். அதற்கப்பால் நின்ற காட்டிற்குப் பெயரில்லாமல் போயிற்று. இதில் அம்மக்கள்மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறப் பால் எடுத்தவனுக்கு மலையை அண்ணாந்து பார்க்க ஓய்வேது? ஆனால் அவன் பேரனுக்கு ஓய்வு உண்டு, கல்வி உண்டு, எழுதுகோலும் உண்டு. அவனும் கவிதை எழுதும்போது, மலேசியக் காட்டில் என்றுமே இல்லாத சிங்கத்தைக் கர்ச்சிக்க வைத்து, கவரிமானை உயிர்விட வைத்துப் பாட்டை முடிக்கிறான் எனின், அது பரம்பரைச் சொத்து ஆகாது, பார்வைக் குறையே.

சுங்கை லாலாங் என்னும் ஊர்ப்பெயர் ஓர் ஆற்றையும் ஒரு புல்லையும் ஒருங்கே சொல்கிறது. மலாய்க்காரர் கண்டு வைத்த பெயர் அது. அவ்வூரிலிருந்து வடக்கே நிமிர்ந்து பார்த்தால் 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை தெரியும். கோலா மூடா வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்ட வீடுகள் பல காலியாகிவிட்ட பின்னும், மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. தீபகற்பத்தின் மலைக்காடுகளிலும், வடமாநிலங்களின் சுண்ணாம்புக்கல் குன்றுகளிலும், மலாய்மொழியில் கம்பிங் குருன் எனப்படும் மலையாடு ஒன்று வாழ்கிறது. பெர்லிஸ் மாநிலப் பூங்காவிற்கு அது பெருமை தரும் விலங்குகளுள் ஒன்று. கருநிற உடல், கழுத்தில் பிடரிமயிர், பின்னோக்கி வளைந்த குறுங்கொம்பு ஆகியவை அதன் அடையாளம். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை வேட்டையாடுதல் முற்றிலும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஜெராய் அடிவாரத்து நகரத்தின் பெயரும் குருன் என்பதால், மாணவர் அவ்விலங்கின் பெயரை மறக்க வழியில்லை. மலாய்ச் சொல்லுக்குப் பாலைநிலம் என்று பொருள். மழைக்காட்டு விலங்கிற்குப் பாலைப் பெயர் அமைந்தது ஒரு வேடிக்கை.

இதனை வருடை என்று தமிழில் எழுதிவிடலாம் எனச் சிலர் கருதக்கூடும். பெயர் இனியது, மரபும் பின்னால் நிற்கிறது. ஆயினும் அது பொருந்தாது. வருடை கூட்டமாக வாழ்வது. திறந்த புல்வெளியில் மேய்வது. மறி துள்ளுவதற்குச் சுற்றமும் வெளியும் உண்டு. இங்குள்ள மலையாடோ பெரும்பாலும் தனித்துத் திரிவது. அடர்காட்டு நிழலில் மறைவது. பாறைக் குகையில் ஒதுங்குவது. எச்சத்தை மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் இடுவதால் மட்டும் தன் இருப்பை அறிவிப்பது. கபிலரின் உள்ளுறையை அப்படியே பெயர்த்து இதன்மேல் ஏற்றினால், முடமோசியார் இமயத்தில் குவளைச் சுனை வைத்த கதையாகிவிடும். அவருக்கு வேறு வழியில்லை, அவர் கண்டதில்லை. ஜெராயின் அடியில் வாழ்பவருக்கு வழி இருக்கிறது. கூட்டத்தை விட்டுத் தனியே நிற்கும் விலங்கு வேறோர் உள்ளுறையைத் தரும். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லோரும் நகரத்துக்குப் போன பின், பழைய வரிசை வீட்டில் தனியாகத் தங்கிவிட்ட முதியவரைப் பாட வருபவனுக்கு மான் பயன்படாது, வருடையும் பயன்படாது. இந்தக் கருநிற ஆடு பயன்படக்கூடும். ஆனால் அதன் பெயரை மட்டும் எடுத்து ஒட்டவைத்தால் பாட்டு நிற்காது. அது எங்கே ஒதுங்குகிறது, எப்போது வெளிவருகிறது, காட்டோரத்தில் வாழும் மலாய்க்காரரும் ஒராங் அஸ்லி மக்களும் அதனைப் பற்றி என்ன சொல்கின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும்.

தமிழில் அதற்குரிய பெயர் என்ன என்னும் வினாவை அகராதிக் குழுவிடம் விடுவதைவிட, அதனைப் பாடும் முதல் கவிஞனிடம் விடுவதே முறை. குறுங்கால் என்னும் அடையைக் கபிலர் எந்தக் குழுவையும் கேட்டு எழுதவில்லை. அதுவரை கம்பிங் குருன் என்றே எழுதலாம். மங்கும் பெரட்டும் தமிழாகிவிட்ட நாட்டில் அச்சொல்லும் இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளியில் 969ஆம் குறளை நடத்தும் நாளில், கவரியின் படம் ஒன்றைக் கரும்பலகையின் ஓரத்தில் ஒட்டிவைத்தால், மான் என எழுதும் பிள்ளைகள் அடுத்த தேர்விலேயே குறைந்துவிடுவர்.